கூடு இருக்கும் சுவரை மட்டும் மூடுங்கள். குன்றையே மூட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சுங்கை சிப்புட் வட்டாரத்திலும் தெற்கே ஈப்போ, கம்பார் பக்கத்திலும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே செங்குத்தாக எழும்பி நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகள் பாறை ஏறுவோரை இழுக்கின்றன. அதே குன்றுகளின் உயரத் திட்டுகளில்தான் வேட்டைப் பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கின்றன. பறவைக்காகப் பாறையை மூடுவதா வேண்டாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு குரல்கள் மட்டுமே கேட்கின்றன. பாதையில் சங்கிலியைப் போட்டு ஆண்டு முழுவதும் மூடிவிடு என்கிறது ஒன்று. பறவைக்கு இறக்கை இருக்கிறது, வேறு பாறைக்குப் போகட்டும் என்கிறது மற்றொன்று. இரண்டினாலும் பறவைக்கு நன்மை இல்லை. கூட்டைக் கண்காணித்து, கூடு இருக்கும் பாறைச் சுவரை மட்டும், அதற்குத் தேவையான வாரங்களுக்கு மட்டும் மூடி, வேலை முடிந்த உடனே திறந்துவிடுவதுதான் நிலைத்து நிற்கும் வழி. அதை எப்படிச் செய்வது என்பதை விவரமாகச் சொல்லவே இக்கடிதம்.

முதலில் பறவையைச் சரியாக அடையாளம் காண வேண்டும். பாறைச் சுவரில் கூடு வைக்கும் முக்கியமான பறவை பொரி வல்லூறு. ஆங்கிலத்தில் பெரெக்ரின் ஃபால்கன். நம் நாட்டில் இதில் இரண்டு கூட்டம் உண்டு. எர்னெஸ்தி என்ற உள்ளினம் இங்கேயே பிறந்து இங்கேயே வாழ்வது. அடிவயிறு கருமையாக, நெருக்கமான குறுக்குக் கோடுகளோடு இருக்கும். கன்னம் முழுவதும் கறுத்து, தலையில் முக்காடு போட்டது போலத் தெரியும். மற்றது வடக்கிலிருந்து வலசை வருவது. ஏறக்குறைய அக்டோபரில் வந்து மார்ச், ஏப்ரலில் திரும்பிவிடும். மார்பு வெளுத்து, கன்னத்தில் வெள்ளைத் திட்டு தெரியும். இந்த விருந்தாளி இங்கே கூடு கட்டாது. ஆனால் அதே பாறையில் வந்து உட்காரும். டிசம்பரில் ஒரு வல்லூறு உட்கார்ந்திருந்த படத்தைப் பார்த்துவிட்டு முழுக் குன்றையும் மூடச் சொன்னால், அடுத்த ஆண்டு உண்மையான கூடு இருக்கும்போது அறிவிப்பை யாரும் நம்பமாட்டார்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: செம்பருந்தும் கடற்கழுகும் பெரும்பாலும் பெரிய மரங்களில் கூடு கட்டுபவை, அவை பாறைக்கு மேலே வட்டமிடுவதைக் கூட்டுக்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

வல்லூறு குச்சி பொறுக்கிக் கூடு கட்டாது. மழை நேராக விழாத, மேலே பாறை கவிந்திருக்கும் திட்டாகப் பார்த்து, அங்குள்ள பொடிக்கல்லில் பள்ளம் பறித்து முட்டையிடும். ஓர் ஈட்டில் பெரும்பாலும் 3 அல்லது 4 முட்டை. இரண்டு மூன்று நாளுக்கு ஒன்றாக இடும். அடைகாக்க ஏறக்குறைய 32 நாள். பொரித்த குஞ்சு பறக்க 5 முதல் 6 வாரம். முதல் முட்டையிலிருந்து கடைசிக் குஞ்சு பறக்கும்வரை கூட்டிப் பார்த்தால் 11, 12 வாரம் வரும். முன்னால் இணை சேரும் வாரங்களையும், பறந்த குஞ்சு அதே சுவருக்குத் திரும்பித் திரும்பி வந்து உணவு கேட்கும் இரண்டு வாரத்தையும் சேர்த்தால் சுமார் நான்கு மாதம். ஓராண்டில் ஒரு சுவர் பொதுவாக மூடியிருக்க வேண்டிய காலம் அவ்வளவுதான். மீதி எட்டு மாதம் அதே சுவரில் ஏறலாம்.

இந்த நான்கு மாதத்திலும் ஆபத்து ஒரே அளவாக இருப்பதில்லை. இடம் தேர்ந்தெடுக்கும் முதல் வாரங்களில் ஆள் நடமாட்டம் இருந்தால் பறவை சத்தமில்லாமல் போய்விடும். போனது யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. அடைகாக்கும்போது கயிற்றில் ஒருவர் திடீரெனத் திட்டின் உயரத்துக்கு வந்தால், தாய் பதறி எழும்பும் வேகத்தில் முட்டை உருண்டு விழலாம். விழாவிட்டாலும் வெயில் இருக்கிறது. கரு வளர முட்டை சுமார் 37.5 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருக்க வேண்டும். 40 பாகையைத் தாண்டி நீடித்தால் கரு இறந்துபோகும். நம் ஊர் மத்தியான வெயில் நேராக விழும் சுண்ணாம்புப் பாறையில் தாய் அரை மணி நேரம் விலகியிருப்பது குளிர்நாட்டில் விலகியிருப்பதைவிடக் கொடியது. மாலை இடிமழையில் நனைந்தாலும் அதே கதி. பொரித்த முதல் இரண்டு வாரம் குஞ்சுக்குத் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. எல்லாவற்றையும்விட மோசமான கட்டம் பறப்பதற்கு முந்தைய பத்து நாள். குஞ்சு பார்வைக்குப் பெரிதாக இருக்கும், இறகு முற்றியிருக்காது. ஆள் நெருங்கினால் பயந்து குதித்துவிடும். கீழே விழுந்த குஞ்சு உயிரோடு இருந்தாலும் உடும்புக்கோ நாய்க்கோ இரையாகும். "குஞ்சு பெரிதாகிவிட்டதே, இனி என்ன" என்று கயிற்றை எடுப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

கீழிருந்து பார்ப்பவரைவிட மேலிருந்து வருபவரைக் கண்டே வல்லூறு அதிகம் கலங்கும். குன்றின் உச்சிக்கு நடந்து போய், அங்கிருந்து கயிற்றில் இறங்கி ரூட்டுகளை, அதாவது ஏறும் வழிகளை, சுத்தம் செய்வது அதனால்தான் மிகக் கெட்டது. "கக்-கக்-கக்" என்று விடாமல் கத்திக்கொண்டு பறவை தலைக்கு மேலே சுற்றினால் கூட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று பொருள். அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: பாறையில் பதித்த போல்ட்டுகளில் எட்டியிருக்கும் போல்ட்டிலிருந்தே கீழே இறங்கி, கயிற்றை உருவிக்கொண்டு இடத்தை விட்டுப் போய்விடுவது. கயிற்றைப் போல்ட்டில் மாட்டும் கொக்கியான குவிக்டிரா ஒன்றைப் பாறையில் விட்டுவர நேர்ந்தாலும் பரவாயில்லை. கயிற்றை மாட்டி இறங்கும் பிடிமானமான அடுத்த ஏங்கர் வரை ஏறிவிட்டு இறங்கலாம் என்று நினைப்பதில்தான் முட்டைகள் போகின்றன.

அடுத்தது தேதி. அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் வல்லூறு கூடுள்ள பாறைகளை மார்ச் 1 முதல் ஜூலை 15 வரை மூடுவது வழக்கம். கொலராடோவின் போல்டர் நகரத்தில் பிப்ரவரி 1 முதல் ஜூலை 31 வரை. இந்தத் தேதிகளை அப்படியே எடுத்து இங்கே பலகையில் எழுதுவது வீண். அவை அங்குள்ள வசந்தத்தை ஒட்டியவை. தெற்கு ஆஸ்திரேலியாவில் இதே பறவை ஆகஸ்ட், செப்டம்பரில் முட்டையிடுகிறது. நம் பேராக்கில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் அரை மணி நேரம்தான். வசந்தம் என்று ஒன்று வந்து பறவையை எழுப்புவதில்லை. ஒவ்வொரு குன்றுக்கும் அங்குள்ள இணையைப் பார்த்துத்தான் தேதி வைக்க முடியும். வெளிநாட்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது தேதியை அல்ல, முறையை. பிரிட்டனில் மலையேறுவோரின் தேசிய மன்றமே பறவை அமைப்புகளோடு பேசி, பாறைவாரியாகத் தடையை அறிவிக்கிறது. அந்த ஆண்டு பறவை கூடு வைக்கவில்லை என்றால் தடையை முன்கூட்டியே நீக்கிவிடுகிறது. ஏறுவோர் அங்கே தடையை மதிப்பதற்குக் காரணம் இதுதான்: தேவையில்லாமல் ஒரு நாளும் மூடி வைக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை.

ஏறுவோரைப் பறவைக்குப் பகைவராகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வரலாறு சொல்ல வேண்டும். டிடிடி பூச்சிமருந்தினால் முட்டை ஓடு மெலிந்து, தாய் உட்கார்ந்ததும் உடையும் நிலை வந்து, வல்லூறு அமெரிக்காவில் அழியும் தறுவாய்க்குப் போனது. 1972இல் அங்கே டிடிடி தடை செய்யப்பட்டது. 1978இல் யோசெமிட்டியின் எல் கேப்பிட்டன் பாறையில் ஒரு கூடு தென்பட்டது. அப்போது திட்டுக்கு ஏறி, மெலிந்த ஓட்டு முட்டைகளை எடுத்துவிட்டுப் போலி முட்டையை வைத்து, செயற்கையாகப் பொரித்த குஞ்சுகளைப் பிறகு கூட்டில் சேர்த்தவர்கள் பாறை ஏறத் தெரிந்தவர்களே. 1999இல் அமெரிக்கா இந்தப் பறவையை ஆபத்துப் பட்டியலிலிருந்து நீக்கியது. கயிறு பிடிக்கத் தெரிந்த கை பறவைக்கும் உதவும்.

இனி கண்காணிப்பு. இதற்குப் பெரிய செலவில்லை. 8×42 தொலைநோக்கி இரண்டு. 20 முதல் 60 மடங்கு வரை பெரிதாக்கும் ஸ்போட்டிங் ஸ்கோப் ஒன்று, முக்காலியோடு. ஒரு நோட்டுப் புத்தகம். சுவரிலிருந்து குறைந்தது 300 மீட்டர் தள்ளி உட்கார வேண்டும். முற்றிய செம்பனை மரத்தடியில் உட்கார்ந்தால் மட்டை மறைக்கும். மறுநடவு செய்த வெட்டவெளியும் லோரிச் சாலை வளைவுகளும் நல்ல இடங்கள். காலை 7 மணிக்குத் தொடங்கி 11 மணிவரை, வாரம் ஒரு முறை, இரண்டு பேர். 11 மணிக்கு மேல் பாறைச் சூட்டில் காற்று நெளிய ஆரம்பித்துவிடும். ஸ்கோப்பில் எதுவும் தெளியாது. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று எழுதுவது எழுதாமல் இருப்பதைவிடக் கெடுதல். அடைகாக்கும் பறவை மணிக்கணக்கில் அசையாது. ஆணும் பெண்ணும் இடம் மாறும் அந்த ஒரு நிமிடத்தைப் பிடிக்கத்தான் நான்கு மணி நேரம் உட்காருகிறோம்.

குறிக்க வேண்டியவை இவை: எத்தனை பறவை, எந்தத் திட்டு, என்ன நேரம், என்ன செய்தது. ஆண் பெண்ணைவிட மூன்றில் ஒரு பங்கு சிறியது. ஸ்கோப்பில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். ஆண் இரையோடு வந்து கூப்பிட, பெண் பறந்து வந்து அந்தரத்திலேயே வாங்கிக்கொண்டால் இணை உறுதி. பெண் வாரக்கணக்கில் அரிதாகவே கண்ணில் பட்டு, ஆணே பெரும்பாலும் வந்து போனால் அடைகாப்பு நடக்கிறது. இரையைத் திட்டுக்கே கொண்டுபோய்ச் சிறு துண்டாகக் கிழிக்க ஆரம்பித்தால் குஞ்சு பொரித்துவிட்டது. திட்டுக்குக் கீழே பாறையில் வழிந்த வெள்ளை எச்சக் கோடும், தரையில் புறா இறகும் கால்களும் நல்ல தடயம்தான். ஆனால் எச்சக் கோடு பழையதாகவும் இருக்கலாம், வேறு பறவையுடையதாகவும் இருக்கலாம். அதை மட்டும் வைத்து முடிவெடுக்கக்கூடாது.

மூடுவதும் திறப்பதும் யாருடைய மனநிலையையும் பொறுத்து இருக்கக்கூடாது. முன்பே எழுதி வைத்த விதி வேண்டும். எங்கள் பரிந்துரை இது. இணை உறுதியான அன்றே சுவரை மூட வேண்டும். ஒரு வார இடைவெளியில் இரண்டு முழுக் கண்காணிப்பிலும் நடமாட்டமே இல்லை என்றால் திறந்துவிட வேண்டும். கடைசிக் குஞ்சு பறந்து 14 நாள் கழித்துத் திறக்கலாம். இடையில் கூடு தோற்றுப்போனால் மட்டும் அவசரப்படக்கூடாது. முட்டையை இழந்த இணை இரண்டு மூன்று வாரத்தில் அதே சுவரில் வேறு திட்டில் மறு ஈடு இடக்கூடும். அதனால் மூன்று வாரம் பார்த்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். தோற்ற மறுநாளே திறந்துவிட்டு, மறு ஈட்டையும் கெடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் பிழை.

எவ்வளவு தூரம் மூடுவது? அமெரிக்க வழிகாட்டிகள் சில 400 முதல் 800 மீட்டர் என்கின்றன. அதை இங்கே வைத்தால் சின்னக் குன்று ஒன்று முழுதுமே போய்விடும். சுண்ணாம்புக் குன்று மடிப்பு மடிப்பாக இருக்கும். ஒரு மூலை திரும்பினால் திட்டு கண்ணில் படாது. கண்ணுக்குக் கண் படுமா என்பதே இங்கே அளவுகோலாக இருக்க வேண்டும். தொடக்கத்தில் திட்டின் இருபுறமும் 100 மீட்டரும், அதற்கு நேர் மேலே உச்சி முழுவதும் மூடலாம். அந்த எல்லைக்கு வெளியே ஒருவர் ஏறும்போதும் பறவை கத்தினால் எல்லையை அகட்ட வேண்டும். பேசாமல் அடைகாத்தால் அப்படியே விடலாம். திட்டு மிக உயரத்தில் இருந்தால், பருவம் முடிந்த பிறகு நீண்ட ரூட்டுகளின் பாதியில், திட்டின் பார்வைக்குக் கீழே, இறங்குவதற்கு இரண்டு போல்ட் கொண்ட ஏங்கர் ஒன்றை வைத்துவிட்டால் அடுத்த ஆண்டு கீழ்ப்பாதியைத் திறந்தே வைக்கலாம். போல்ட் பசை போட்டுப் பதிக்கும் வகையாக இருக்கட்டும். பசை முழுதாக இறுகும்வரை யாரும் தொங்கக்கூடாது. உலோகத்தில் சிக்கனம் வேண்டாம்: தென் தாய்லாந்தின் கடலோரச் சுண்ணாம்புப் பாறையில் துருப்பிடிக்கா எஃகு போல்ட்டுகளே விரிசல் விட்டு முறிந்து, டைட்டானியத்துக்கு மாற வேண்டியதாயிற்று. கூடு இருக்கும் மாதங்களில் டிரில் சத்தம் அந்தக் குன்றில் எங்குமே கேட்கக்கூடாது.

அறிவிப்புப் பலகையை எங்கே வைப்பது என்பதிலும் தவறு நடக்கிறது. பாறையடியில் வைத்தால், அங்கே வந்து சேர்ந்தவர் திரும்பிப் போக மனமில்லாமல் ஏறிவிடுவார். பாதை தொடங்கும் இடத்தில், வண்டி நிறுத்தும் இடத்தில் வைக்க வேண்டும். சுவரின் படத்தில் ரூட்டுகளுக்கு எண் போட்டு, மூடியவற்றைச் சிவப்பிலும் திறந்தவற்றைப் பச்சையிலும் காட்ட வேண்டும். மூடிய ஒவ்வொரு ரூட்டின் முதல் போல்ட்டிலும் ஒரு சிவப்பு அட்டை. மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் நான்கிலும் மூடிய தேதி, அடுத்து எந்தத் தேதியில் மறுபரிசீலனை, எந்த எண்ணில் அழைப்பது என்று இருக்க வேண்டும். மறுபரிசீலனைத் தேதி இல்லாத பலகையை இரண்டாவது மாதமே யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். கூடு எந்தத் திட்டில் என்பதை மட்டும் ஒருபோதும் எழுதக்கூடாது. பறவைக் குஞ்சைத் திருடி விற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாமே வரைபடம் போட்டுக் கொடுத்ததாக ஆகிவிடும். அதற்காகத்தான் நடுவில் கூடு வராதபடி, எல்லையை ஒருபக்கம் கொஞ்சம் கூட்டியே மூட வேண்டும்.

பாறை ஏறுவோரை மட்டும் கட்டுப்படுத்திவிட்டு மற்றவர்களை விட்டுவிட்டால் நியாயமும் இல்லை, பயனும் இல்லை. டிரோன் விடுவோரைக் கட்டாயம் தடுக்க வேண்டும். வல்லூறு அதை எதிரிப் பறவையாக நினைத்துத் தாக்கும், இறக்கை வெட்டுப்படும். படம் எடுப்பவர்களுக்கும் அதே எல்லைதான். குன்றடியில் குரங்குக்குத் தீனி போடுவதையும், மிச்சச் சோற்றுப் பொட்டலத்தை எறிவதையும் நிறுத்த வேண்டும். தீனி கிடைக்கும் இடத்தில் குரங்கும் காக்கையும் பெருகும். தாய் விலகிய நேரத்தில் திட்டுக்குப் போய் முட்டையை எடுப்பவை அவைதான். குன்றடியில் கோயில் இருந்தால், கூடு உள்ள வாரங்களில் வாணவெடியை மட்டும் சுவரை விட்டுத் தள்ளி வைக்கும்படி நிர்வாகத்தினரிடம் முன்கூட்டியே பேசலாம். மேளமும் மணியும் பறவைக்குப் பழகிப்போகும். குவாரியில் வெடி வைக்கும்போது எங்களை மட்டும் ஏன் தடுக்கிறீர்கள் என்று ஏறுவோர் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். வல்லூறு இயங்கும் குவாரிகளில்கூடக் கூடு வைப்பதுண்டு. தூரத்து இரைச்சலைவிடத் திட்டுக்கு நேராகத் தெரியும் மனித உருவமே அதற்குப் பெரிய பயம் என்பது பதில். ஆனால் குன்றையே வெட்டித் தள்ளினால் கூட்டுக்கும் இடமில்லை, ஏறுவதற்கும் இடமில்லை. அந்த விஷயத்தில் பறவைக்காரரும் பாறைக்காரரும் ஒரே பக்கம்தான் நிற்க வேண்டும்.

சட்டப்படி இது பலர் கையில் இருக்கிறது. தீபகற்பத்தில் வேட்டைப் பறவைகளுக்கு 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 716, காவலாக இருக்கிறது. அதை நடத்துவது பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை. நிலமும் காடும் மாநில அரசுக்கு உரியவை. குன்று வனக்காப்பகமாக இருந்தால் வனத்துறை, இல்லையென்றால் மாவட்ட நில அலுவலகம். குன்றுக்குப் போகும் பாதையோ பெரும்பாலும் தோட்டத்துக்குள் இருக்கிறது. தோட்ட நிர்வாகம் கேட்டைப் பூட்டினால் எல்லாம் முடிந்தது. பூட்டுவதற்கும் காரணம் உண்டு: செம்பனைக் குலைத் திருட்டு, குலை ஏற்றும் லோரிக்கு வழி மறித்து நிற்கும் கார்கள், விட்டுச் செல்லும் குப்பை. ஏறுவோர் காவலாளியிடம் வண்டி எண்ணை எழுதிக் கொடுத்து, லோரிச் சாலைக்கு வெளியே நிறுத்தி, கேட் மூடும் நேரத்துக்கு முன் வெளியேறுவது பறவைக்கும் நல்லது. யார் எந்த நாளில் வந்தார்கள் என்ற பதிவு கிடைத்துவிடும்.

தோட்ட நிர்வாகங்களுக்கு வேட்டைப் பறவையின் அருமையை நாம் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. எலியைப் பிடிக்கக் கம்பத்தில் பெட்டி வைத்துக் கூகை வளர்ப்பது செம்பனைத் தோட்டங்களில் பல்லாண்டுப் பழக்கம். அந்தப் பெட்டிகளைச் சரிபார்த்து, முட்டை எத்தனை, குஞ்சு எத்தனை என்று எழுதிப் பழகிய தொழிலாளர்கள் தோட்டங்களில் இருக்கிறார்கள். குன்றுக் கண்காணிப்புக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் கிடைப்பது அரிது. வெளியூரிலிருந்து சனிக்கிழமை வந்து போகிறவருக்குச் செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று தெரியாது. லயத்தில் குடியிருப்பவருக்குத் தெரியும். கண்காணிக்கும் நாளுக்கு அவர்களுக்கு ஒரு படித்தொகை கொடுக்க வேண்டும். ஏறுவோர் தங்களுக்குள் பிரித்துக் கட்டினாலே போதும். இலவச உழைப்பாக எதிர்பார்த்தால் மூன்றாவது வாரம் யாரும் வரமாட்டார்கள்.

இன்னும் ஒன்று எழுத்தில் இருக்க வேண்டும். மூடிய சுவரில் விபத்து நடந்து ஒருவர் தொங்கிக்கொண்டிருந்தால், மீட்புக் குழுவைத் தடுக்கும் எந்த விதியும் செல்லாது. மனித உயிர் முதலில். மீட்பு முடிந்த பிறகு கூட்டின் நிலையைப் பார்த்துப் பதிவு செய்தால் போதும்.

பெர்ஹிலித்தானின் மாவட்ட அலுவலகம், நில அலுவலகம், தோட்ட நிர்வாகம், பாறை ஏறுவோர், குன்றடிக் கோயில் நிர்வாகத்தினர் ஆகியோரை ஒரு மேசையில் உட்கார வைக்க நம் சட்டமன்ற உறுப்பினர்கள் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அதுவரை வாசகர்கள் ஓர் உதவி செய்யலாம். பாறைத் திட்டில் கூட்டையோ, கீழே விழுந்த குஞ்சையோ பார்த்தால் படம் எடுத்து முகநூலில் இடம் சொல்லிப் போடாதீர்கள். குஞ்சுக்குச் சோறும் தண்ணீரும் ஊட்டாதீர்கள். காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில், இருட்டில் வைத்து, பெர்ஹிலித்தானை அழையுங்கள். எந்தச் சுவருக்குக் கீழே கண்டெடுத்தீர்கள் என்பதை அதிகாரியிடம் மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பாறை ஏறுவோர், பறவை நோக்குவோர் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்